ரியாக்ட் ஆவணங்கள்: தாமதமாக வந்தாலும் தரமான புதுப்பிப்பு

இணையப் பக்கங்களின் திரை உறுப்புகளை (காம்பொனென்ட்டுகளை) உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகம் ரியாக்ட். அந்த உறுப்புகளை கிளாஸ் இல்லாமல் ஃபங்ஷன்களாகவே எழுத வழிசெய்யும் ஹூக்குகள் அதில் 2019 பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. ரியாக்டின் அதிகாரபூர்வ ஆவணங்களோ 2023 மார்ச்சில் புதிய தளம் வெளியாகும்வரை கிளாஸ் முறையையே முதன்மையாகக் கற்பித்தன. (நான் படித்த பயிற்சி மையம் அதற்குப் பிறகும் பழைய குறிப்புகளையே நகலெடுத்துக் கொடுத்தது என்பது தனிக்கதை.)

புதிய தளம் ஒட்டுப்போட்ட வேலையாக இல்லாமல், பாடத்திட்டத்தையே மாற்றி எழுதியிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்தே ஃபங்ஷன் காம்பொனென்ட்டுகள்தாம். நிரலை அந்தப் பக்கத்திலேயே திருத்தி, விளைவை உடனுக்குடன் பார்க்கலாம். ஸ்டேட் (காம்பொனென்ட் நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய மதிப்பு) பற்றிய பகுதியில், ஒரே பொத்தானுக்குள் 'எண்ணுடன் ஒன்றைக் கூட்டு' என்ற கட்டளையை மூன்று முறை எழுதி அழுத்தச் சொல்கிறார்கள். மூன்று வரும் என்று எதிர்பார்த்தால் ஒன்றுதான் வருகிறது. ஒருமுறை திரையில் வரையப்படும்போது ஸ்டேட்டின் மதிப்பு ஒரு நிழற்படம்போல் உறைந்துவிடுகிறது என்பதை, பிழையை நம் கையாலேயே செய்யவைத்துப் புரியவைக்கும் இந்த உத்தி அருமையானது. பயிற்சிக் கணக்குகளுக்கு விடைகளும் உண்டு.

குறை என்றால், ஜாவாஸ்கிரிப்ட் அறியாதவருக்கு இங்கே இடமில்லை. ஏரோ ஃபங்ஷனில் (ஃபங்ஷனைச் சுருக்கமாக எழுதும் வடிவம்) தடுமாறுபவர், மொசில்லாவின் இணையத் தொழில்நுட்ப ஆவணத் தளமான எம்டிஎன் பக்கங்களில் அடிப்படையைப் படித்துவிட்டு வருவது நல்லது. புதிய ரியாக்ட் திட்டங்களைத் தொடங்கப் பயன்பட்ட கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவி 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், அதை நிறுவச் சொல்லும் பழைய காணொளிகளையும் ஒதுக்கிவிடலாம். பழைய ஆவணங்கள் தனி முகவரியில், இனி புதுப்பிக்கப்படமாட்டா என்ற அறிவிப்புடன் இருக்கின்றன. பழைய நிரலைப் பராமரிப்பவர்களுக்கு அது உதவும்.