கரிச்சானும் பருந்தும்: 150-600 ஜூமோடு சில வருடங்கள்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில்) கரிச்சான் என்கிற இரட்டைவால் குருவி பருந்தை விரட்டுவதை எடுக்கத்தான் இந்த 150-600 எம்எம் லென்ஸை வாங்கினேன். அந்த ஒரு வேலைக்கு இது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

600-லேயே வைத்துத் தேடினால் வெறும் வானம்தான் சிக்கும். 300 பக்கம் வைத்துப் பருந்தைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஜூமை ஏற்ற வேண்டும். கரிச்சான் மேல் ஃபோகஸ் வைக்கப் பார்ப்பது வீண் வேலை. அது நேராகப் பறந்தால்தானே! பருந்தோடு போங்கள், கரிச்சான் மேலிருந்து பின்பக்கமாக வந்து முதுகில் விழும். கொத்தும்போது பருந்து சட்டென்று ஒருக்களித்து நகத்தை மேலே தூக்கும். அந்தப் படத்துக்குத்தான் இத்தனை பாடும். ஷட்டர் வேகம் 1/2500 நொடிக்குக் கீழே போனால் கரிச்சானின் இறக்கை வெறும் கரித்தீற்றல்தான். லென்ஸின் திறப்பை எஃப்/8-க்குச் சுருக்கி வைத்தால் இரண்டு பறவையும் தெளிவாக விழ வாய்ப்பு அதிகம். வெளுத்த வானமாக இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள்.

லென்ஸைவிட முக்கியம் காற்று. சித்திரை முதல் ஆடி வரை கரிச்சான் கூடு கட்டும் காலம், சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது, பருந்து காற்றை எதிர்த்து மேற்கே பார்த்தபடி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மிதக்கும். காலையில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் கிடைப்பது வால்தான். சாயங்காலம் கிழக்கே பார்த்து நில்லுங்கள், முகத்தில் வெளிச்சத்தோடு உங்களைப் பார்த்து மிதக்கும். "கோழித் திருடனப் போட்டோ புடிச்சு என்னுங்க பண்றீங்க?" என்று ஆடு மேய்ப்பவர்கள் கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்வதுதான் வழி.

குறைகள் உண்டு. இரண்டு கிலோவுக்குப் பக்கமான எடை, லென்ஸ் முன்னால் மாட்டும் நீண்ட ஹூடில் காற்று மோதி ஆட்டும். ஜூம் செய்யச் செய்யக் குழல் வெளியே நீள்வதால் புழுதி உள்ளே போகிறது. இப்போது லென்ஸைத் தொங்கவிட்டால் குழல் தானாக இறங்குகிறது, நடக்கும்போது லாக் போட்டே ஆக வேண்டும்.

கரும்பருந்து, செம்பருந்து, பாம்புக்கழுகு வரை இது போதும். வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவைக்கு மட்டும் ஆகாது. கரிச்சான் துரத்தியதும் அது வேலமரங்களுக்குள் தாழப் புகுந்துவிடும். இந்த லென்ஸின் ஃபோகஸ் வேகம் அதற்குப் பத்தாது. வைரிதான் வேண்டும் என்பவர்கள் காசு சேர்த்து ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ் வாங்கிக்கொள்வது நல்லது.