தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம்: எப்போது போகலாம், எப்படிப் பார்க்கலாம்?

தூத்துக்குடிக்கு வரும் வெளியூர்ப் பயணிகள் பலர் பனிமய மாதா பேராலயத்துக்கு ஒதுக்குவது அரைமணி நேரம்தான். திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ போகும் வழியில் வண்டியை நிறுத்தி, வெண்ணிற முகப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பீடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டடத்தை மட்டும் பார்ப்பதற்கு அந்த நேரம் போதும். கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்து புழங்கும் பங்குக் கோயிலாக, அதாவது சுற்றுவட்டாரக் கத்தோலிக்கரின் கோயிலாக, இதைப் பார்க்க விரும்புவோர், ஒரு முழுக் காலைப் பொழுதையாவது இதற்கென வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தினார். ஆனாலும் 1923இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் இதுவன்று. ஆயரின் (பிஷப்பின்) இருக்கை திரு இருதயப் பேராலயத்தில் இருக்கிறது. எனவே பெருமை எவ்வளவு சேர்ந்தாலும், இங்கு அன்றாடம் நடப்பவை ஒரு பங்கின் காரியங்களே: குழந்தைக்குத் திருமுழுக்கு, திருமண ஓலை வாசிப்பு (நடக்கவிருக்கும் திருமணத்தைக் கோயிலில் அறிவிப்பது), இறந்தவருக்கான பூசை, பிள்ளைகளின் மறைக்கல்வி, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம். வரலாற்றுப் புகழ் பெற்ற பல கோயில்கள் பார்வையாளருக்கென்றே ஆகிவிட்ட நிலையில், இக்கோயில் முதலில் தன் மக்களுக்கு உரியதாகவே நிற்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வரலாற்றை ஓரளவு தெரிந்துகொண்டு போவது நல்லது. முத்துக்குளிக்கும் உரிமைக்காக ஏற்பட்ட மோதலில் போர்த்துகீசியரின் துணையை நாடிய பரதவர் என்னும் கடலோர மக்கள், 1530களின் இடைப்பகுதியில் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். மாதாவின் சுரூபம் (திருவுருவச் சிலை) 1555இல் மணிலாவிலிருந்து ‘சந்த ஹெலேனா’ என்னும் கப்பலில் வந்து சேர்ந்தது என்பது இம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் இறந்தபோது, அவருடைய உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். தமிழ் அச்சின் வரலாற்றில் ஈடுபாடுள்ள எவருக்கும் இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வூர் வணக்கத்துக்குரியது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் புராட்டஸ்டன்ட் பிரிவான சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் கோயில்கள் பறிபோயின. மாதாவின் சுரூபத்தை மக்கள் வேறிடங்களில் வைத்துக் காத்தனர். இன்று நாம் காணும் கோயிலுக்கு 1712இல் இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி அடிக்கல் இட்டார். 1713 ஆகஸ்ட் 5 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. அப்போதும் ஊரை ஆண்டவர்கள் அதே டச்சுக்காரர்கள்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த முகப்பை நிமிர்ந்து பாருங்கள்; அதை எழுப்பிய மக்களின் பிடிவாதம் புரியும்.

நான் பரிந்துரைப்பது வார நாளின் காலைத் திருப்பலி (பூசை). கூட்டம் இராது, கடற்காற்று உள்ளே வந்து போகும். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் அமர்ந்திருப்பார்கள். முதியவர் ஒருவர் கடைசி வரை உட்காராமல் தூணோரம் நின்று செபமாலை உருட்டியதையும், மாலையின் பத்துப் பத்து மணிகளை உருட்டி முடிக்கும்போதெல்லாம் பீடத்தின் உயரத்தில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் மாதாவை நிமிர்ந்து பார்த்துவிட்டே அடுத்த மணியைத் தொட்டதையும் கண்டேன். பூசை முடிந்ததும் அலைபேசியை எடுத்த என்னிடம், மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “தம்பி, மொதல்ல அம்மாவக் கும்பிட்டுக்கோங்க, பொறவு படம் எடுக்கலாம்” என்றார். அதில் கண்டிப்பு இருந்தது; கோபம் இல்லை. இங்கு வருவோர் எல்லாரும் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் அதுவே. இந்துக்களும் இசுலாமியரும் நேர்ச்சையோடு வந்து நிற்பதை எந்த நாளிலும் காணலாம். யாரும் யாரையும் ஊர் பேர் கேட்பதில்லை.

திருவிழா முற்றிலும் வேறோர் அனுபவம். சூலை 26 அன்று கொடியேறியதிலிருந்து ஆகஸ்ட் 5 வரை நாள்தோறும் திருப்பலி, மறையுரை, மாலையில் நற்கருணை ஆசீர் என்று கோயில் ஓயாது. வேம்பார், வைப்பார், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என முத்துக்குளித்துறை ஊர்கள் பலவற்றிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்போர் விடுப்பை இந்த நாட்களுக்கென்றே சேர்த்து வைக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலிறங்கிய சில வாரங்களில் விழா வருவதால், தடைக்காலத்து முடை சற்றுத் தளர்ந்த நிம்மதியும் அக்கூட்டத்தின் முகங்களில் தெரிகிறது.

தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை என்பதைப் பலர் அறியாமல் வந்து ஏமாறுகிறார்கள். பரதவர் குலத் தலைவர் பாண்டியபதி தொன் கபிரியேல் தக்ரூஸ் கோமஸ் செய்வித்த தேர் 1806இல் முதன்முதலாக ஓடியது. அதன்பின் சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே தேரோட்டம் நடக்கிறது. அண்மைக் காலத்தில் 2013இலும் 2023இலும் நடந்தது. மற்ற ஆண்டுகளில் மாதாவின் சப்பர பவனிதான். பவனியைக் குறைவாக எண்ண வேண்டாம். சுரூபம் வாசலைத் தாண்டும் நொடியில் “மரியே வாழ்க” என்று எழும் குரலில் நடிப்பில்லை. பக்தி இல்லாதவரையும் அது அசைக்கும்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் அது கோயிலைப் பற்றியதன்று. விழா நாட்களில் நான் தங்கிய விடுதி, முன்பதிவில் சொன்ன வாடகையைக் கையில் சாவி தரும்போது ஏற்றிவிட்டது. குளியலறையில் தண்ணீரும் சரிவர வரவில்லை. பக்தர்களின் அவசரத்தைக் காசாக்கும் இத்தகைய இடங்களைத் தவிர்க்க, அறை வாடகையை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது அவசியம். முதியோரையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்வோர் ஆகஸ்ட் 5 இரவின் நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல், விழாவின் நடுநாட்களில் ஒரு காலைப் பூசைக்குச் சென்று வருவதே நல்லது.

சென்னையிலிருந்து செல்வோருக்கு முத்துநகர் விரைவு ரயில் வசதியானது. இரவு ஏறினால் காலையில் தூத்துக்குடி, நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள். திருவிழாவுக்குத்தான் போவது என்று முடிவு செய்தால், பயணத்துக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் அன்றே டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டை ஆகஸ்ட் 5 இரவுக்குப் போடாமல் மறுநாளுக்குப் போடுங்கள்.