சக்தியின் முதல் இசைத்தட்டு: தாளத்தின் வழியே ஓர் இணைவு

இந்தியச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் இணைப்பதாகச் சொல்லி வெளிவரும் இசைத்தட்டுகளில் பலவும், ஒருவர் தம் வித்தையைக் காட்டி ஒதுங்கியபின் மற்றவர் தம் வித்தையைத் தொடங்கும் முறைவாசிப்பாகவே முடிந்துவிடுகின்றன. ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு அவ்வாறானதன்று. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டனில் உள்ள கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவான இது, மறு ஆண்டு வெளிவந்தது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம் என ஐவர் வாசித்த மூன்றே உருப்படிகள் இதில் உள்ளன.

பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை, ஜாஸின் உயிர்நாடியாகக் கருதப்படும் கார்டு (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் தொகுப்பு) மாற்றங்களும் ஏறக்குறைய இல்லை. எனினும் இது ஜாஸ்தான் என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஒருவர் விட்ட சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, மற்றவர் அந்த நொடியிலேயே பற்றி, வேறு இடத்தில் அழுத்தம் கொடுத்துத் திருப்பித் தரும் உரையாடலில் ஜாஸின் இயல்பும் கர்நாடக இசையின் மனோதர்மமும் (மேடையிலேயே கற்பனையில் இசையை விரிக்கும் முறை) ஒன்றாகிவிடுகின்றன. ‘ஜாய்’ என்னும் 18 நிமிட உருப்படியில் கிட்டாரும் வயலினும் மின்னல் வேகத்தில் ஒரே சுரக்கோவையை இணைந்து பாய்ச்சும் இடங்களைக் கேட்டால், இருவரும் ஒரே தாளக் கணக்கில் மூச்சுவிடுவது விளங்கும். இது தற்செயலாக வந்ததன்று. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். இக்குழுவின் இசைக்காகவே, மற்றத் தந்திகளை மீட்டும்போது கூடவே அதிரும் 7 தந்திகளும், கமகத்துக்கு (சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு) இடம் தரும்படி குடைந்த விரல்பலகையும் கொண்ட கிட்டாரைச் செய்வித்துக்கொண்டவர்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையின் பெரிய வாத்தியக் குழுவான ஆர்க்கெஸ்ட்ராவுடன் இணையும் முயற்சிகளில் இந்த இசைவு எளிதில் அமைவதில்லை. 1971இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ரவிசங்கர் இயற்றிய சிதார் கன்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கமாஜ், அடாணா முதலிய ராகங்களில் அமைந்த மதிப்புமிக்க படைப்பே. ஆயினும் ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்கள் எழுதப்பட்ட சுரங்களை வாசிக்க வேண்டியிருப்பதால், சிதாரின் மீட்டலில் இயல்பாக எழும் அசைவுகளுக்கு அவர்களால் அதே கணத்தில் மறுமொழி சொல்ல இயலவில்லை. சக்தியின் ஐவருக்கு அந்தத் தடை இல்லை.

குறை என்று சொன்னால், வேகத்தின் மீதான மோகத்தைத்தான் சொல்லவேண்டும். ராகம் விரிவதற்குமுன் விரல்கள் முந்திக்கொள்ளும் தருணங்கள் உண்டு; தபலாவும் மிருதங்கமும் ஒருசேர முழங்கும்போது மிருதங்கத்தின் நுண்சொற்கள் அமிழ்ந்துபோகின்றன. அடுத்த இசைத்தட்டில் ராகவன் இல்லை என்பதால், இந்த இழப்பு எனக்குக் கூடுதலாக வருத்தம் தருகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் ‘லோட்டஸ் ஃபீட்’ என்னும் 5 நிமிடத்துக்கும் குறைவான மென்மையான உருப்படியில் தொடங்கி, 29 நிமிடங்கள் நீளும் மூன்றாம் உருப்படிக்கு வருவது நல்லது. சிறிய ஒலிபெருக்கியில் கேட்காமல் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் தளர்த்தியும் விநாயக்ராம் எழுப்பும் அடியொலி அதில்தான் முழுமையாகக் கிடைக்கும்.