நேரடி மேடையா, பதிவுசெய்த காணொளியா?

வீடியோ கேம் நிறுவனங்கள் தம் அறிவிப்புகளை நேரடி மேடையில் வெளியிடுவதா, பதிவுசெய்த காணொளியில் வெளியிடுவதா என்பதே கேள்வி. வடசென்னையின் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் வீடியோ கேம் ஆடி வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு, நிறுவனங்கள் மேடையேறி அறிவிப்புகளை வெளியிட்ட, 1995இல் தொடங்கிய அமெரிக்க வீடியோ கேம் கண்காட்சியான ஈ3இன் அரங்கம் எட்டாத தொலைவில்தான் இருந்தது. ஆயினும் அம்மேடை நிகழ்ச்சிகளும் பின்னாளில் இணையத்தில் ஒளிபரப்பாயின என்பதால், தொலைவை மட்டும் காட்டிக் காணொளியை உயர்த்துவது பொருந்தாது.

நின்டெண்டோ நிறுவனம் 2011இல் தொடங்கிய நின்டெண்டோ டைரக்ட் போன்ற, முன்பே பதிவுசெய்த அறிவிப்புக் காணொளிகளில் தடுமாற்றமோ வீண்பேச்சோ இல்லை. சிறிய விளையாட்டுகளுக்கும் அவற்றில் இடம் கிடைக்கிறது. இவை மெய்யான நன்மைகள்.

ஆனால் மேடைக்கு எதிரே கூட்டம் இருந்தது. 2013 ஜூனில், பிறர் பயன்படுத்திய கேம் டிஸ்க்குகளுக்குத் தன் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4இல் தடை இராது என்று சோனி அறிவித்தபோது அரங்கமே ஆர்ப்பரித்தது; போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அத்தகைய டிஸ்க்குகளுக்குத் தான் விதித்திருந்த கட்டுப்பாடுகளை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே கைவிட்டது. ஒரே டிஸ்க்கை நண்பர்கள் கைமாற்றி ஆடும் நம் தெருக்களுக்கு அது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. அத்தகைய ஆரவாரத்தையோ அதிருப்தியையோ பதிவுசெய்த காணொளி தன்னுள் அனுமதிப்பதில்லை.

ஆகவே, விளையாட்டுகளை அறிமுகப்படுத்தக் காணொளியே போதும்; விலையையும் வாங்குவோரின் உரிமையையும் அறிவிக்கும் நிறுவனம் மட்டும் மக்கள் முன் நிற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.