இரண்டாண்டுப் பொறியியல் தொழில்நுட்பப் படிப்பு: சமுதாயக் கல்லூரியில் படித்தவனின் மதிப்பீடு

அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியின் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் கல்லூரி) மாலை வகுப்புகளில் மின்னணுப் பொறியியல் தொழில்நுட்பம் படித்து முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பகலில் கிடங்கு வேலையும் மாலையில் வகுப்புமாக இருந்ததால், இரண்டாண்டில் முடியவேண்டிய அறுபத்துச் சொச்சம் கிரெடிட்டுகளுக்கு எனக்கு நான்காண்டுகள் பிடித்தன. கற்றுத்தந்த விதத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. சேரும்போது சொல்லியிருக்கவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதே என் குறை.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பின் உயிர் ஆய்வகத்தில் இருக்கிறது. முதல் பருவத்தின் இரண்டாம் வாரத்திலேயே கையில் மல்டிமீட்டர் வந்துவிட்டது. மின்னோட்டத்தை அளக்க மீட்டரைச் சுற்றின் தொடரில் இணைக்காமல் மின்கலத்தின் இரு முனைகளிலும் நேரே வைத்து அதன் ஃபியூஸைப் போக்கிய மாணவர்களில் நானும் ஒருவன். ஆசிரியர்களில் பலர் தொழிற்சாலைகளில் பராமரிப்புப் பணி பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவர், சரியாக ஓடிக்கொண்டிருக்கும் சுற்றில் நாங்கள் பார்க்காத நேரம் ஒரு பழுதை ஒளித்துவைத்துவிட்டு, சுற்றின் நடுவில் அளந்து பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று கண்டு, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கித் தேடும் முறையைப் பழக்கினார். இன்று வேலையில் எனக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான்.

இரண்டாம் ஆண்டில் பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை நிரல் வழியே இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பாடம் இதைவிடச் சிறப்பாக இருந்தது. 1960களின் இறுதியில் கார்த் தொழிற்சாலைகளின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பலகைகளுக்கு மாற்றாக வந்த கருவி அது. ரிலே வரைபடங்களைப் படித்துப் பழகிய மின்பணியாளர்களுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்றுதான் அதன் மொழி ஏணிப்படிகள் போன்ற லேடர் வரைபடமாக அமைந்தது. எங்கள் ஆசிரியரும் அதே வரிசையில் ஒரு மோட்டாரின் இயக்கு, நிறுத்து பொத்தான்களை முதலில் ரிலேக்களோடு கையால் இணைக்கச் செய்தார். பிறகே கணினியைத் திறக்கவிட்டார். நிறுத்து பொத்தான் அழுத்தப்படாத நிலையில் அதன் வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அப்போதுதான் கம்பி அறுந்தாலும் இயந்திரம் தானே நிற்கும் என்பது கையால் இணைத்தபோது புரிந்தது. சென்சார் சமிக்ஞை 0 மில்லிஆம்பியரில் தொடங்காமல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை இருப்பதற்கும் காரணம் ஏறக்குறைய அதுவே: பூச்சியம் வந்தால் அது அளவு அல்ல, அறுந்த கம்பி. இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கிய பாடத்திட்டத்தை நான் மதிக்கிறேன்.

இனிக் குறைக்கு வருகிறேன். ஒரே கல்லூரியில், ஒரே கட்டடத்தில், பெயரில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்கு மாறிச் செல்வோருக்கானது. அதில் நுண்கணிதம் மூன்று பருவங்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணிதத்தோடு கூடிய இயற்பியல் ஆகியவை உண்டு. மற்றொன்று நான் படித்தது: நேரே வேலைக்குச் செல்வோருக்கான, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் கொண்டே இயற்பியலை நடத்தும் செயல்முறை அறிவியல் இணைப்பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்). சேர்க்கை ஆலோசகர் என்னிடம், முதலில் இதில் சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான்காண்டு கழித்து ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, என் கணிதத்தையும் இயற்பியலையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மூர் பாலிடெக்னிக் டிப்ளமோவை வைத்துக்கொண்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதுபோல இதையும் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு. இந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வது பொறியியல் தொழில்நுட்ப இளங்கலைப் பட்டம். அது வேறு பட்டம்.

இந்தப் பிரிவினைக்குக் கல்லூரியைக் குறைசொல்ல முடியாது. பொறியியல் கல்வியை மதிப்பிட்டு 1955இல் வந்த கிரின்டர் அறிக்கைக்குப் பின் அமெரிக்கப் பொறியியல் பாடத்திட்டங்கள் அறிவியலையும் கணிதத்தையும் நோக்கிச் சாய, அவை விட்டுச்சென்ற ஆய்வக இடத்தைத் தொழில்நுட்பப் படிப்புகள் பிடித்துக்கொண்டன. இத்தகைய படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏபெட் (ABET) அமைப்பிலும் பொறியியலுக்கும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கும் தனித்தனி ஆணையங்கள். தொழில்முறைப் பொறியாளர் உரிமம் பெறும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது: சில மாநிலங்கள் தொழில்நுட்ப இளங்கலையைக் கூடுதல் அனுபவ ஆண்டுகளோடு ஏற்கின்றன, சில ஏற்பதே இல்லை. இவை அனைத்தும் ஆலோசகரின் மேசையில் ஒரே தாளில் அடங்கக்கூடிய செய்திகள். ஏபெட் அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, தனித்தனிப் படிப்புக்கே தரப்படுகிறது என்பதால், சேர விரும்புகிறவர் தாம் சேரப்போகும் படிப்பின் பெயரை அந்த அமைப்பின் பட்டியலில் தாமே தேடிப் பார்ப்பது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கட்டணம் பல்கலைக்கழகத்தைவிட மிகக் குறைவு, அந்த வட்டாரத்தில் குடியிருப்போருக்கு இன்னும் குறைவு. குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்கள் வருமானத்தைப் பொறுத்து அமெரிக்க அரசு தரும் பெல் மானியமும் பெறலாம். மின் சமிக்ஞையைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்புகள் பழையவை, ஆனால் வேலை செய்தன. நுழைவுக் கணிதத் தேர்வை விளையாட்டாக எழுதாதீர்கள். அதில் சறுக்கினால் அடிப்படைக் கணிதத்தில் ஒரு பருவம் போய்விடும். இரண்டாம் ஆண்டுப் பாடங்கள் சிலவற்றை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தினார்கள். பதிவுசெய்தவர்கள் போதவில்லை என்று அளவீட்டுக் கருவிகள் பாடத்தை ஒருமுறை வகுப்பு தொடங்கும் வாரத்தில் ரத்துசெய்தபோது, எனக்கு முழுதாக ஓராண்டு தள்ளிப்போனது.

இப்போது ஒரு பொட்டலமிடும் ஆலையில் தொழில்நுட்பராக இருக்கிறேன். அந்த வேலை இந்தப் பட்டத்தால் கிடைத்தது. நுண்கணிதத்தோடு கூடிய இயற்பியலை அதே கல்லூரியில், பழைய ஆய்வகத்துக்கு அடுத்த கதவில், செவ்வாய் வியாழன் மாலைகளில் முதலிலிருந்து படித்துக்கொண்டும் இருக்கிறேன்.