பிரவுசர் ஹேக்குகள்: பல வருடம் புழங்கியபின் எது நிற்கிறது?

கும்பகோணம் பக்கத்தில் பாத்திரக்கடை, பட்டு ஜவுளி, ரைஸ் மில், கல்யாண மண்டபம் என்று சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து தருவது என் தொழில். மைக்ரோசாஃப்டின் பழைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 (ஐஇ 6) காலத்திலிருந்து, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் எழுதுகிறேன். ஒரு பிரவுசரின் குறையைச் சமாளிக்க எழுதும் குறுக்குவழியைத்தான் ஹேக் என்கிறேன்.

அப்போது நிறம், அகலம் போன்ற சிஎஸ்எஸ் பண்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போடுவோம். ஐஇ 6 அதைப் படித்துக்கொள்ளும், மற்ற பிரவுசர்கள் தள்ளிவிடும். பிறகு, ஐஇ மட்டும் படிக்கும் குறிப்பான கண்டிஷனல் கமெண்ட் வழியாக அதற்குத் தனி ஸ்டைல்ஷீட் (சிஎஸ்எஸ் கோப்பு) கொடுத்தோம். சுத்தமான வழிதான், ஆனால் ஐஇ 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே எடுத்துவிட்டது. பிரவுசர் பெயரைப் பார்த்து எழுதும் எதற்கும் ஆயுள் இவ்வளவுதான் என்பது என் முடிவு.

பெயரை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மண்டபத்து உரிமையாளர் போன் செய்தார்: “தம்பி, குரோம்லதான் பாக்குறேன், முன்பதிவு பட்டன் கீழ பாதி மறையுதே?” அவர் கையில் இருந்தது ஐபோன். அதில் குரோம் என்றாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் என்ற இன்ஜின்தான். 100 விஎச் (திரையின் முழு உயரம்) என்று உயரம் கொடுத்தால், கருவிப்பட்டை சுருங்கியிருக்கும்போது உள்ள உயரத்தை அது கணக்கில் எடுக்கும். பட்டை விரிந்ததும் அடியில் இருக்கும் பட்டன் மறைந்துவிடும். முன்பு இதற்கு ஜாவாஸ்கிரிப்டில் உயரத்தை அளந்து கொடுப்போம். இப்போது 100 விஎச் என்று ஒரு வரி, அதன் கீழே 100 டிவிஎச் (பட்டைக்கு ஏற்ப மாறும் உயரம்) என்று ஒரு வரி போதும். சஃபாரி 15.4, குரோம் 108 முதல் இரண்டாவது வரி புரியும். பழைய போன் முதல் வரியோடு நின்றுகொள்ளும்.

ஒரு பண்பு பிரவுசருக்குத் தெரியுமா என்று சிஎஸ்எஸிலேயே கேட்கும் @சப்போர்ட்ஸ் எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஃப்ளெக்ஸ்பாக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை) கேப் (பெட்டிகளுக்கு இடையே இடைவெளி) வேலை செய்யுமா என்று கேட்டால், சஃபாரி 14.1க்கு முந்தைய சில பதிப்புகளும் “ஆம்” என்றே சொல்லும். கிரிட்டில் (கட்டம் போல அடுக்கும் முறை) கேப் இருந்ததால் வந்த பதில் அது! பழைய ஐபோன்களையும் கவனிக்க வேண்டிய தளத்தில் இடைவெளிக்கு இன்னும் மார்ஜின் (பெட்டியின் வெளி ஓரம்) தான் போடுகிறேன்.

தமிழ்த் தளம் செய்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று. மெனுவில் ‘கீ’, ‘ளீ’ எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்பட்டால் உடனே ஹேக் தேடாதீர்கள். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் என்று எழுத்துரு மாறுகிறது, அதோடு எழுத்தின் உயரமும் மாறுகிறது. எல்லோருக்கும் ஒரே வெப்ஃபான்ட் (தளத்தோடு சேர்ந்து வரும் எழுத்துரு), லைன்ஹைட் (வரி உயரம்) 1.6. அதோடு தீர்ந்துவிடும்.

பண்பின் பெயருக்கு முன்னால் ‘வெப்கிட்’ போல வரும் பிரவுசர் முன்னொட்டுகளை நான் கையால் எழுதுவதில்லை, ஆட்டோபிரிஃபிக்ஸர் என்ற கருவி பார்த்துக்கொள்கிறது. தவிர்க்க முடியாத ஹேக் மட்டும் தனிக் கோப்பில் போகும். எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, எப்போது நீக்கலாம் என்ற குறிப்பு ஒவ்வொன்றின் மேலும் இருக்கும். தளம் புதுப்பிக்க வரும்போது முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான். வரி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வெப்கிட் லைன்கிளாம்ப் இன்னும் அங்கே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் அதே முன்னொட்டோடுதான் அதை ஏற்கிறது.