பழைய மாணவர் சங்க உதவித்தொகை: பிள்ளைக்கு எது உண்மையில் உதவுகிறது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடமும் கட்டுகின்றன, மருத்துவ முகாமும் நடத்துகின்றன, வன்னியில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கும் வைக்கின்றன. எல்லாம் தேவைதான். ஆனாலும் மாதம் தவறாமல் பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழுகிற 5,000 ரூபா உதவித்தொகைக்கே நாங்கள் முதலிடம் கொடுப்போம்.

காரணம் முதல் வருடம். அரசு கொடுக்கிற மகாபொல உதவித்தொகை 2025 இல் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது, நல்ல விஷயம். ஆனால் பல்கலைக்கழகத்தில் பதிந்த மாதமே அது கைக்கு வந்துவிடாது. விண்ணப்பம், பட்டியல், வங்கிக் கணக்கு என்று மாதங்கள் ஓடும். அதற்குள் அறை முற்பணம், பாய் தலையணை, சாப்பாட்டுக் காசு, பஸ் காசு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். முல்லைத்தீவில் இருந்து திருநெல்வேலிக்கு வருகிற பிள்ளையும், தீவகத்தில் இருந்து கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போகிற பொறியியல் பீடப் பிள்ளையும் திண்டாடுவது இந்த இடைவெளியில்தான். நல்ல சங்கம் பதிவு வாரத்திலேயே படிவம் கொடுத்து, அடுத்த மாதமே முதல் கொடுப்பனவைப் போட்டுவிடும். மகாபொலப் பட்டியல் வரட்டும் என்று பார்த்திருந்தால் அவசரம் முடிந்த பிறகுதான் காசு போகும்.

தெரிவில் கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழை மட்டும் நம்பக்கூடாது. கடற்றொழிலாளிக்கும் மேசனுக்கும் மாத வருமானம் என்று ஒரு தொகை இல்லை. அதில் எழுதியிருப்பது ஒரு குத்துமதிப்பு. வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த மாதங்களில் தொழில் இல்லை, நகை அடைவில் இருக்கிறதா என்று பக்குவமாகக் கேட்டால் நிலைமை தெரியும்.

பிழை வருகிற இடம் பெரும்பாலும் நிதி. வெளிநாட்டில் ஒருவர் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று நேரே அனுப்பும் முறை, அவருக்கு வேலை போனால் இரண்டாம் வருடத்திலேயே நின்றுவிடும். பொது நிதியில் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. ஒருவருக்கு வருடம் 60,000, நான்கு வருடத்துக்கு 2,40,000. புதிதாக ஒருவரை எடுக்க முன் அவருடைய முதல் வருடக் காசாவது வைப்பில் இருக்கவேண்டும். 48 மாதத்தோடு நிறுத்துவதும் சரியில்லை: பரீட்சை பிந்தினால் கடைசி ஆய்வுக்கட்டுரை எழுதும் நேரத்தில் காசு நின்றுவிடும். பெறுபேறு வரும்வரை கொடுக்கிற சங்கங்களுக்கு எங்கள் முழு மதிப்பெண்.

பழைய மடிக்கணினி அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, சுவரில் செருகும் வயரை மட்டும் மாற்றினால் போதும். பற்றரி வீங்கியிருந்தால் அனுப்பவே வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ளது கலைப்பீடப் பிள்ளைக்குக் கட்டுரை தட்டச்சுச் செய்ய உதவும். வரைபட மென்பொருள் ஓட்டுகிற பொறியியல் பிள்ளைக்கு 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகமும் வேண்டும்.

மேடையில் நிறுத்திக் காசோலை கொடுத்து, அந்தப் படத்தை முகநூலில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். இதற்குக் கூச்சப்பட்டே விண்ணப்பிக்காத, மிகவும் தேவையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் பெயரில்லாத பட்டியலும் கணக்காய்வு அறிக்கையும் போதும்.

விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு: அப்பாவின் கணக்கு இலக்கத்தை எழுதாமல் உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். வங்கிப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் முதலெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்; அது மாறியிருந்தால் முதல் மாதக் காசு திரும்பிப்போகக்கூடும்.